இடப்பக்க முடிச்சு

திருவனந்தபுரத்துப் பெரிய கோர்ட்டில் ஜட்ஜி வெங்கடகிருஷ்ணையருடைய கேஸ் கட்டுகளுக்குத் தனியாக ஒரு பாஷை உண்டு. அது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் ஜட்ஜி. இன்னொருவர் அவருடைய குமாஸ்தா பூதலிங்கம் பிள்ளை.

ஜட்ஜி கட்டை வாசித்து முடித்ததும் சிவப்பு நாடாவால் திரும்பக் கட்டுவார். முடிச்சு வலப்பக்க ஓரத்தில் விழுந்தால் அப்பீல் அனுமதி. இடப்பக்க ஓரத்தில் விழுந்தால் தள்ளுபடி. கோர்ட்டில் வாசிக்கும்வரை தீர்ப்பை வாயால் சொல்வது பாவம் என்பது அவருடைய கொள்கை. சேம்பருக்குள்கூட, கதவைச் சாத்திக்கொண்டுகூட, இன்னார் ஜெயித்தார் இன்னார் தோற்றார் என்று அவர் சொன்னதில்லை. ஏன் அனுமதி, எதற்குத் தள்ளுபடி என்று பக்கம் பக்கமாக இங்கிலீஷில் எழுதுவது பூதலிங்கம் பிள்ளையின் பாடு. எழுதியதை ஞாயிற்றுக்கிழமை காலையில் வலியசாலை அக்கிரகாரத்தில் ஜட்ஜியின் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். ஜட்ஜிக்கு இரண்டு கண்ணிலும் புரை விழத் தொடங்கியிருந்தது. கேஸ் கட்டைப் பூதக்கண்ணாடி வைத்து எப்படியோ ஒப்பேற்றிவிடுவார். குமாஸ்தாவின் எழுத்தை மட்டும் காதால்தான் பார்ப்பார். இங்கே ஒரு சொல், அங்கே ஒரு சொல் மாற்றிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

வாரத்துக்குப் பதினெட்டு கட்டு, இப்படி ஒன்பது வருஷம். பிள்ளைக்கு வலது நடுவிரலில் மை ஏறிக் கறுத்த காய்ப்பு ஒன்று இருந்தது. தேய்த்தாலும் போகாது. ஜட்ஜி எங்கே "ஆனால்" போடுவார், எங்கே பெருமூச்சு விடுவார், எந்தப் பழைய தீர்ப்பை எடுத்து யார் தலையில் போடுவார் என்பதெல்லாம் பிள்ளைக்கு அத்துப்படி. சொந்தமாக ஒரு கடுதாசி எழுத உட்கார்ந்தால்கூட ஜட்ஜி எழுதுவது மாதிரியே வந்தது. அதனால் கடுதாசி எழுதுவதையும் விட்டுவிட்டார். எழுதவும் பெரிதாக ஆளில்லை. மனைவி வடிவாம்பாள் அவர் இந்த வேலைக்கு வந்த இரண்டாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள்.

சொந்தபந்தம் இல்லாமல் இல்லை. ஆனால் சேம்பருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஜட்ஜியின் குமாஸ்தா கேஸ் உள்ளவர் வீட்டில் கை நனைக்கக் கூடாது, கல்யாணத்துக்குப் போகக் கூடாது, வழியில் நின்று பேசக் கூடாது. பிள்ளைக்குச் சொந்த ஊர் நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டி. நாஞ்சில் நாட்டில் கேஸ் இல்லாத வீடு என்றால் அது ஆள் இல்லாத வீடு. ஆக அவருக்குப் போக வீடே இல்லாமல் போயிற்று. முதலில் கல்யாணக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. நாலாம் வருஷத்தோடு அவையும் நின்றன. கரமனையில் உலகம்மை என்ற கிழவியின் வீட்டு மாடியில் ஒரு அறை. கீழே ஓட்டல்காரன் கொண்டுவந்து வைக்கிற சாப்பாடு. வெளியே அவர் வாயில் வைப்பது ஜட்ஜி வீட்டில் அவருக்கென்று ஒதுக்கி வைத்திருந்த வெண்கல டம்ளரில் வருகிற காப்பி ஒன்றைத்தான்.

கோர்ட்டிலும் இதே கதைதான். மேல்மாடியில் ஜட்ஜி சத்தியதாஸ் இருந்தார். அவருக்கும் வெங்கடகிருஷ்ணையருக்கும் ஏழாம் பொருத்தம். நம்ம ஜட்ஜிக்கு வழக்கம் என்றால் வழக்கம். நூறு வருஷமாக எப்படி நடந்ததோ அப்படித்தான் நடக்க வேண்டும், உலகத்தைச் செப்பனிடுவது கோர்ட்டின் வேலை இல்லை. சத்தியதாஸுக்கோ எதிரில் நிற்கிற ஆளின் முகம்தான் முதல் சாட்சி. ஜட்ஜிகள் இரண்டு பேரும் பார்த்தால் தலையையாவது ஆட்டிக்கொள்வார்கள். குமாஸ்தாக்களுக்கு அதுவும் கிடையாது. சத்தியதாஸின் குமாஸ்தா ராஜமணி வடக்கு வாசல் சாயாக்கடைக்குப் போவார் என்பதால் பூதலிங்கம் பிள்ளை தெற்கு வாசல் பக்கமாகவே நடமாடுவார். ஒன்பது வருஷத்தில் இருவரும் பேசிக்கொண்டது, மாடிப்படியில் "கொஞ்சம் வழி விடும்" என்பது மட்டும். இதைப் பெரிய விசுவாசம் என்று நினைத்துக்கொண்டார் பிள்ளை. அசட்டுத்தனம் என்று சொல்ல அவருக்கு ஒரு சிநேகிதன் இருந்தால்தானே!

கொல்லம் ஆயிரத்து நூற்றாறாம் ஆண்டு மிதுன மாதம், மழை பிடித்துக்கொண்ட சமயம், உலகம்மையின் வீட்டுக்குத் தாழக்குடியிலிருந்து ஒரு உறவுக்காரி வந்து தங்கினாள். பொன்னம்மை என்று பேர். ஐம்பது வயது இருக்கும், விதவை, பிள்ளைகுட்டி கிடையாது. சாயங்காலம் பிள்ளை படியேறும்போது கீழே முற்றத்தில் சின்ன உள்ளி உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணாச்சிக்கு நாஞ்சில் நாடா? காலையில ஓட்டல்காரனுக்கிட்ட ஒரு வார்த்த பேசினியள்லா, அப்பவே நெனச்சேன்."

"பூதப்பாண்டி" என்றார் பிள்ளை. சொல்லிவிட்டுத் தன் குரலே தனக்குப் புதிதாகக் கேட்டது போல ஒரு படி நின்றார்.

"நல்லதாப் போச்சு. இந்த ஊர்ல எல்லாரும் மலையாளத்துல சிரிக்காவ. எனக்கு எப்ப கூடச் சிரிக்கணும்னே தெரியல்ல."

பிள்ளை சிரித்துவிட்டார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியாது.

மறுநாளும் பேசினாள். மழை, கத்தரிக்காய், பூதப்பாண்டித் தேர், தாழக்குடியில் அவள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரின் ருசி. அந்தக் கிணற்றடியில் நார்த்தை மரம் ஒன்று வைத்திருக்கிறாளாம். அவள் வீட்டுக்காரர் இருந்தவரை காய்க்கவில்லையாம், அவர் போன வருஷம்தான் காய்த்ததாம். "வீட்டு விசயமா வந்திருக்கேன்" என்று மட்டும் சொன்னாள், வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தட்டில் சோறும், தேங்காய் வறுத்தரைத்த உள்ளித்தீயலும் வைத்து உலகம்மையிடம் கொடுத்தனுப்பினாள். வயிறு சரியில்லை என்று பிள்ளை திருப்பி அனுப்பினார். தீயலின் வாசனை அறையில் ரொம்ப நேரம் நின்றது.

வெள்ளிக்கிழமை கேஸ் பட்டியல் மேஜைக்கு வந்தது. ஏழாவது வரியில் அப்பீல்காரி பொன்னம்மை, தாழக்குடி என்று இருந்தது.

என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். குமாஸ்தாவுக்குப் பழக்கமான கட்சிக்காரர் என்றால் உடனே ஜட்ஜியிடம் சொல்ல வேண்டும். கட்டு மேல்மாடிக்குப் போய்விடும். பக்கத்து அறையில்தான் ஜட்ஜி இருந்தார், எழுந்து ஏழடி நடந்தால் போதும். ஆனால் சொல்லிவிட்டால் அன்று சாயங்காலம் முதல் அவளோடு பேச முடியாது. பழக்கமா இது, முற்றத்தில் நாலு வார்த்தை, இதெல்லாம் ஒரு பழக்கமா என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினார். அந்த வக்கீல் ஜெயித்தான். பிள்ளை எழுந்திருக்கவில்லை.

கேஸ் சிக்கலானது அல்ல. நாஞ்சில் நாட்டு வெள்ளாளரிடையே அதுவரை மருமக்கள்வழி. ஆண் செத்தால் சொத்து அவன் அக்காள் தங்கை பிள்ளைகளுக்குப் போகும். மனைவிக்கு வழக்கப்படி ஏதோ கொஞ்சம். அதை மாற்றிப் புதுச் சட்டம் வந்திருந்தது. பொன்னம்மையின் புருஷன் அந்தச் சட்டம் வருவதற்கு மூன்று மாதம் முன்னால் செத்துப்போனார். அவருடைய மருமகன், சகோதரி மகன் நயினார், வீட்டைக் கேட்டான். "வீடு உனக்குத்தான்" என்று புருஷன் வாயால் சொல்லியிருந்தார், எழுதி வைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் அவள் குடியிருந்த வீடு. கீழ்க்கோர்ட்டில் அவள் தோற்றிருந்தாள். இதுதான் கடைசி அப்பீல்.

வாதம் நடந்த அன்று பிள்ளை சேம்பரை விட்டு வெளியே வரவில்லை. குமாஸ்தாக்கள் கோர்ட் ஹாலுக்குள் போவது வழக்கமும் இல்லை. சாயங்காலம் முற்றத்தில் பொன்னம்மை, "பெரிய ஜட்ஜி ஒருதரம் என்னை நிமிந்து பாத்தாரு அண்ணாச்சி. கண்ணு தெரியாதுன்னாவ. ஆனாலும் பாத்தாரு" என்று யாரைப் பற்றியோ சொல்வது போலச் சொன்னாள். மாடி வீட்டுப் பிள்ளை எந்த ஆபீஸ் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கட்டுகள் ஜட்ஜி வீட்டிலிருந்து கோர்ட்டுக்கு வந்தன. சுமந்து வந்தவன் பியூன் வேலாயுதன். நல்ல மழை, தொப்பலாக நனைந்திருந்தான். பிள்ளை கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பொன்னம்மையின் கட்டை எடுக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். திறந்து பார்த்தார்.

முடிச்சு இடப்பக்கம் இருந்தது.

அவருக்கு ஆச்சரியம் இல்லை. ஒன்பது வருஷமாக அந்த மாதிரிக் கட்டுகளில் முடிச்சு இடப்பக்கம்தான். நாடா கொஞ்சம் தாறுமாறாக இருந்தது என்பதைக் கண்டார். வேறு கட்டாக இருந்தால், "எசமான், இது இப்படித்தானா?" என்று ஜாடையாகவாவது கேட்டிருப்பாரோ என்னவோ. இந்தக் கட்டில் கேட்டால் உனக்கு இதில் என்ன அக்கறை என்று கேள்வி வரும். கேட்கவில்லை.

மூன்று நாள் எழுதினார். அவள்மேல் இரக்கம் காட்டிவிடுவோமோ என்று பயந்து பயந்து எழுதினார். மனசு அவள் பக்கம் சாய்ந்த இடத்திலெல்லாம் பேனாவை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்தார். புதுச் சட்டம் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று எழுதினார். வாயால் சொன்னது வழக்கத்தை முறிக்காது என்று எழுதினார். இருபது வருஷத்தில் ஜட்ஜி எந்தெந்தப் பெண்டுகளை இதே காரணத்தால் திருப்பி அனுப்பினாரோ அந்தத் தீர்ப்புகளையெல்லாம் தேடி எடுத்து வரிசையாக அடுக்கினார். ஒன்பதாம் பக்கம் எழுதி முடித்தபோது அவருக்கே உடம்பு சிலிர்த்தது. இத்தனை நன்றாக அவர் எழுதியதே இல்லை. அந்தப் பெருமையை நினைத்துப் பிற்பாடு அவர் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல.

ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் வாசித்தார். ஜட்ஜி கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். மூன்றாம் பக்கத்தில் கண்ணைத் திறந்தார், மறுபடி மூடிக்கொண்டார்.

ஒன்பதாம் பக்கம் முடிந்ததும், "அதை இன்னொரு தரம் வாசியும்" என்றார்.

வாசித்தார். பதினான்கு பக்கமும் முடிந்தது, ஒரு சொல்கூட மாற்றவில்லை ஜட்ஜி. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. தீர்ப்பு வாசிக்கிற நாள் வியாழக்கிழமை.

திங்கட்கிழமை காலையில் வேலாயுதன் மேஜையைத் துடைத்துக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: "பிள்ளை ஸாரே, அன்னைக்கு நான் பட்ட பாடு! கிள்ளிப்பாலத்துல வெச்சு கால் வழுக்கி கட்டு ஒண்ணு தாழ விழுந்து, நாடா அழிஞ்சு முடிச்சு விட்டுப் போச்சு, கேட்டோ. பேப்பர் நனையாம நெஞ்சோட பிடிச்சு, அங்கயே திரும்ப ஒரு முடிச்சு கெட்டிக்கொண்டு வந்தேன். எசமான் அறிஞ்சா கொன்னுடுவாரு."

"எந்தக் கட்டு?"

"ஆ தாழக்குடிக்காரியோட கட்டு."

"முடிச்சு எந்தப் பக்கம் இருந்தது? விழறதுக்கு முன்னால?"

வேலாயுதன் அவரை விசித்திரமாகப் பார்த்தான். "அதாரு நோக்கினாரு ஸாரே? நாடா நாடாதானே."

பிள்ளை அன்று ஒரு வரி எழுதவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தார். இந்த ஊரில் இருக்கிற அத்தனை பேரில் இதைச் சொல்லத் தோதான ஆள் ஒருத்திதான், கரமனை வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருப்பவள். அவளிடம்தான் சொல்லவே கூடாது. தனியாக இருப்பது என்றால் என்ன என்று அந்தத் திங்கட்கிழமைதான் அவருக்கு முழுசாகத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் வலியசாலைக்குப் போனார். ஜட்ஜியின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். பாலம், நாடா, தான் கேட்காமல் விட்டது. பிறகு முற்றம், உள்ளி, பூதப்பாண்டித் தேர்.

ஜட்ஜி பூதக்கண்ணாடியை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"நான் வலப்பக்கம்தான் கட்டினேன்" என்றார்.

"அப்படின்னா எசமான், வாசிச்சபோது..."

"மூணாம் பக்கத்துலயே தெரிஞ்சுடுத்து. நிறுத்தணும்னு நெனச்சேன். முடியலை. எல்லாம் நான் சொன்னது. இருபது வருஷமா நான் சொன்னது. ஒண்ணொண்ணா எடுத்து வச்சிருக்கீர். இத்தனை பேரைத் திருப்பி அனுப்பிட்டு, போற போக்குல ஒருத்திக்கு மட்டும் கதவைத் திறந்தா, அவாளுக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்றது?"

"எசமான் ஏன் வலப்பக்கம் கட்டினீங்க?"

ஒன்பது வருஷத்தில் பிள்ளை அவரைக் கேட்ட முதல் "ஏன்" இது. ஜட்ஜிக்குக் கோபம் வரவில்லை.

"ரெண்டு மாசத்துல நான் ரிடையர் ஆறேன். அவளைப் பாத்தா பாவமா இருந்தது. பாவமா இருந்ததுன்னு தீர்ப்புல எழுத முடியுமா? காரணத்தை நீர் கண்டுபிடிப்பீர்னு விட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "அவளோட என்ன பேசினீர்னு சொன்னீர்? கத்தரிக்காயா?" என்றார்.

"ஆமாம் எசமான்."

"எங்கிட்ட யாரும் அதைக்கூடப் பேசறதில்லை" என்றார் ஜட்ஜி. பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "நீர் அன்னிக்கே சொல்லியிருந்தா கட்டு மேல்மாடிக்குப் போயிருக்கும். சத்தியதாஸ் அவளுக்கு வீட்டைக் குடுத்திருப்பான். தெரியுமோல்லியோ?" என்றார்.

தெரியும். முந்தின நாளிலிருந்து அது ஒன்றுதான் தெரிந்திருந்தது. சாயங்காலம் நாலு வார்த்தை பேச்சுக்கு ஆசைப்பட்டு அவர் அவளுடைய வீட்டை விலையாகக் கொடுத்துவிட்டார்.

"இப்பவாவது மேல்மாடிக்கு அனுப்பிடலாமே எசமான். எனக்கு வேலை போனாப் போகட்டும்."

"கையெழுத்துப் போட்ட தீர்ப்போட அனுப்பறதா? ஊரே சிரிக்கும். வேற மாதிரி எழுத முடியறதானு பாரும். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டயம். நான் எழுதின மாதிரியே இருக்கணும், ஆனா முடிவு வேற. முடிஞ்சா கிழிச்சுட்டு அதுல கையெழுத்துப் போடறேன்."

பிள்ளை சேம்பருக்கு வந்து உட்கார்ந்தார். மத்தியானம்வரை ஒரு பக்கம்கூட ஓடவில்லை. எந்த வாக்கியத்தைத் தொடங்கினாலும் நடுவில் தானாகத் திரும்பி இடப்பக்கம் போய் நின்றது. கடைசியில் எழுந்து, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, வடக்கு வாசல் சாயாக்கடைக்குப் போனார். ராஜமணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிள்ளையைக் கண்டதும் கையிலிருந்த கிளாஸ் பாதியில் நின்றது.

"என்ன வேய் பிள்ளைவாள், வழி தெரியாம வந்துட்டீரா?"

"ஒரு சந்தேகம். உங்க சேம்பர்ல ஒரு தீர்ப்பு எப்படித் தொடங்குவீர்?"

ராஜமணி சிரிக்கப் பார்த்தார். பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. கேஸ் என்ன என்றும் கேட்கவில்லை, அந்த மரியாதை அவருக்கும் தெரியும்.

"நீங்க சட்டம் வந்த வருஷத்துல தொடங்குவிய, இல்லேன்னா வழக்கத்துல தொடங்குவிய. நாங்க ஆளுல தொடங்குவோம், கேட்டீரா. இன்னாரு, இன்ன ஊரு, இத்தன வருஷமா இந்த வீட்டுல இருக்காவ. அத எழுதிட்டா பின்ன கை தானா அந்தப் பக்கம் போவும்." கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "இரியும். ஒரு சாயா குடியும்."

"இருக்கட்டும்" என்று சொல்லிப் பிள்ளை வந்துவிட்டார். உட்கார்ந்திருக்கலாம். வழக்கம் கால்களிலும் ஏறியிருந்தது.

தாழக்குடியைச் சேர்ந்த பொன்னம்மை என்று தொடங்கினார். ராஜமணி சொன்னது சரிதான். கை தானாக ஓடிற்று. கிணற்றைப் பற்றிக்கூட ஒரு வரி வந்துவிட்டது. புதன்கிழமை சாயங்காலம் வலியசாலையில் வாசித்துக் காட்டினார்.

ஜட்ஜி முழுவதும் கேட்டார். "நன்னா இருக்கு" என்றார். "ஆனா இது நான் இல்லை, பூதலிங்கம். இது சத்தியதாஸ். இதுக்கு அடியில என் பேரைப் போட்டா, கெழவன் போற காலத்துல பாட்டை மாத்திண்டான்னு பார்ல வக்கீலெல்லாம் சிரிப்பா."

"எசமான்..."

"பழசையே அனுப்பிடும்."

சிரிப்புக்குப் பயந்ததில் ஒரு வீடு போயிற்று. இருபது வருஷம் பெரிய பெரிய கொள்கை பேசிய மனுஷர், முடிவில் பயந்தது வக்கீல்களின் சிரிப்புக்குத்தான். அவர்மேல் பிள்ளைக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. பிள்ளை வெண்கல டம்ளரில் வந்த காப்பியைக் குடித்துவிட்டு, பழையதை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வியாழக்கிழமை தீர்ப்பு வாசிக்கப்பட்டது. அன்று சாயங்காலம் பொன்னம்மை முற்றத்தில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. தீர்ப்பின் நகல் வாங்க வேண்டும் என்று ஊருக்குப் போகாமல் தங்கியிருக்கிறாள் என உலகம்மை சொன்னாள். பிள்ளை படியேறும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஏறினார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளே மாடிக்கு வந்தாள். கையில் காகிதக் கட்டு. ஊருக்குப் போக எல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டதாம், மறுநாள் காலை பஸ்ஸாம்.

"அண்ணாச்சிக்கு இங்கிலீஸ் தெரியும்லா? வக்கீலு போச்சுன்னு மட்டும் சொன்னாரு. ஏன் போச்சுன்னு சொல்ல அவருக்கு நேரமில்ல. வீடு போனாலும் போட்டு. ஏன்னு தெரிஞ்சா போதும்."

கதவருகில் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளை காகிதத்தை வாங்கினார். முதல் வரியை இங்கிலீஷில் வாசித்து, அதைப் பூதப்பாண்டித் தமிழில் சொன்னார். இரண்டாம் வரியைச் சொன்னார். சொல்லச் சொல்ல, இங்கிலீஷில் இரும்பு மாதிரி நின்ற வாக்கியங்கள் தமிழில் வெறும் திட்டாக மாறின. புதுச் சட்டம் திரும்பிப் பாக்காது. வாயால சொன்னது செல்லாது. குடியிருந்தாங்கிறதுக்காக வீடு சொந்தம் ஆகாது. அவள் குறுக்கே பேசாமல், பரீட்சைக்குப் பாடம் கேட்கிறவள் போலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முடிந்தது.

"இதுல எம்பேரு எங்க இருக்கு?" என்றாள்.

"மேல. முதல் பக்கத்துல."

"அது எல்லாருக்கும் போடுவாவல்லா. உள்ள?"

பிள்ளை பக்கங்களைப் புரட்டினார். புரட்ட வேண்டிய அவசியமே இல்லை, அவருக்குத் தெரியும். பதினான்கு பக்கத்திலும் அப்பீல்காரி, அப்பீல்காரி என்றுதான் இருந்தது. பொன்னம்மை என்று ஒரு இடத்திலும் இல்லை.

அவர் காகிதத்தைக் கீழே வைத்தார்.

"இத எழுதினது நானாக்கும்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் முகம் இளகிற்று.

"கோர்ட்டுலயா ஒங்களுக்கு வேல? ஒரு வார்த்த சொல்லல்லியே அண்ணாச்சி! அதனாலதான் தட்டத் திருப்பி அனுப்புனியளா?" என்றாள். "பாவம். சொந்த ஊர்க்காரிக்கு எதிரா அவிய சொல்லச் சொல்ல எழுதும்போ ஒங்களுக்கு எப்பிடி இருந்திருக்கும்! எழுத்து வேல பாக்கவிய என்ன செய்ய முடியும்? ஒங்கமேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, கேட்டியளா. மனசுல வச்சுக்கிடாதிய."

அவர் சொல்லவில்லை, அம்மா. யாரும் சொல்லவில்லை. நான்தான். இது பிள்ளையின் மனசுக்குள்ளேயே நின்றது. ஒருதரம் சொன்னதே அவர் ஆயுசில் இருந்த தைரியம் முழுவதும். அது இப்படி மன்னிப்பாகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது தடவை சொல்ல அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

பொன்னம்மை எழுந்து கீழே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டோடு திரும்பி வந்தாள். சோறு, உள்ளித்தீயல், ஓரத்தில் நார்த்தங்காய் ஊறுகாய்.

"கேஸுதான் முடிஞ்சாச்சே. இனி சாப்பிடலாம்லா?" என்று அவர் முன்னால் வைத்தாள். "அந்த மரத்துக் காயிதான். வரும்போ ஒரு பரணி நெறய எடுத்துக்கிட்டு வந்தேன்."

தண்ணீர்ச் செம்பை எட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டு, அவர் சாப்பிடுவதைப் பார்க்க எதிரில் உட்கார்ந்தாள். பிள்ளை கையைக் கழுவினார். நடுவிரல் காய்ப்பில் மை அப்படியே இருந்தது. அந்த விரலாலேயே பிசைந்து முதல் கவளத்தை எடுத்தார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு ஊர்க்காரி கையால் சாப்பாடு.

"உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

சரியாகத்தான் இருந்தது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.